முன்னுக்கு ரெண்டு காணாது

வீட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தால் அதைப் பிரித்து வாசித்தது யார்? நாங்கள்தான். எனக்குப் பத்து வயதிலேயே வங்கிக் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம், வரிக் கடிதம் எல்லாம் என் கைக்குத்தான் வரும். அம்மா சமையலறையில் நின்றபடி "என்னவாம் பிள்ளை?" என்று கேட்பா. விளங்கினது பாதி, விளங்காதது பாதி, இரண்டையும் கலந்து தமிழில் சொல்லிவிடுவேன். இதை வாசிக்கிற உங்களில் அரைவாசிப் பேருக்கு இது தெரிந்த கதைதான்.

ஆனால் ஒன்றை நாங்கள் யாரும் வாசித்ததில்லை. வீட்டு வாசலில் நிற்கிற காரின் ரயர். அதன் பக்கத்திலும் ஆங்கிலத்தில்தான் எழுதியிருக்கிறது. எத்தனையாம் ஆண்டு செய்தது, எந்தக் காலநிலைக்குச் செய்தது, எந்தப் பக்கம் சுழலவேண்டும், எல்லாம் அதிலேயே இருக்கிறது. அதை நான் வாசிக்காமல் விட்டேன். என் தம்பியின் காறை எலும்பு முறிந்தது. கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 நவம்பர். ஸ்காபரோவில் எங்கள் ஆக்கள் நடத்துகிற ஒரு கராஜ். அப்பாவோடு நானும் போயிருந்தேன், ஏனென்றால் அந்தக் குளிர்காலம் காரை அதிகம் ஓட்டப்போவது நான்தான். எனக்கு 19 வயது. கராஜ்காரர் காரைச் சுற்றி ஒருதரம் நடந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்:

"அண்ணை, இழுக்கிறது முன்சில்லுதானே. பின்சில்லு சும்மா பின்னாலை உருளுது. முன்னுக்கு ரெண்டு வின்ரர் ரயர் போட்டால் காணும். பின்னுக்குக் கிடக்கிறது இன்னும் ரெண்டு வருசம் ஓடும்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். "பிள்ளை, குளிருது, நீங்கள் உள்ளுக்கை போய் இருங்கோ" என்றார் கராஜ்காரர். நான் உள்ளே போய் இருந்து போனைப் பார்த்தேன். அவரில் எனக்குக் கோபம் இருக்கிறது. என்னிலும் இருக்கிறது. அந்த நேரம் ஐந்து நிமிடம் குளிரில் நின்று பின் ரயரைக் குனிந்து பார்த்திருந்தால் போதும்.

கராஜின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெயர் முக்கியமில்லை. அந்த வசனத்தை அதற்குப் பிறகு எத்தனையோ வாயால் கேட்டுவிட்டேன். மாமா சொல்லுவார், பக்கத்து வீட்டு அண்ணா சொல்லுவார், கலியாண வீட்டில் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறவர் சொல்லுவார். "முன்னுக்கு ரெண்டு காணும்." எங்கள் சமூகத்தில் இது ஒரு பழமொழி மாதிரி ஆகிவிட்டது. இது பிழை. சின்னப் பிழையும் இல்லை, ஆபத்தான பிழை.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை. தம்பியைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனேன். வெளியே மறை 9 பாகை, மெல்லிய பனி. 401 இல் இருந்து மார்க்கம் வீதிக்கு இறங்குகிற வளைவு. நான் வேகமாகப் போகவில்லை. வளைவுக்குள் போனதும் கொஞ்சம் வேகம் கூடிவிட்டதோ என்று பயந்து மிதியிலிருந்து காலை எடுத்தேன். எல்லாரும் செய்வதுதான். அடுத்த நொடி, காரின் பின்பக்கம் என்னை முந்திக்கொண்டு வந்தது. ஸ்ரியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினேன் என்று இன்றைக்கும் ஞாபகமில்லை. கார் அரைவட்டம் சுற்றி, தம்பி இருந்த பின்கதவு இரும்புத் தடுப்பில் மோதி நின்றது. அவன் அழவில்லை. "அக்கா, கை தூக்க ஏலாமல் கிடக்கு" என்று மட்டும் சொன்னான்.

இப்போது ஏன் அப்படி நடந்தது என்று சொல்லுகிறேன். இதை விளங்கிக்கொண்டால் அந்தப் பழமொழியை நீங்கள் ஒருநாளும் நம்பமாட்டீர்கள்.

ஒரு கார் வீதியைத் தொடுவது நாலே நாலு இடத்தில். ஒவ்வொரு இடமும் ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவு. இழுப்பது முன்சில்லாக இருக்கலாம். ஆனால் வளைவில் காரை நேராக வைத்திருப்பது நாலு சில்லும் சேர்ந்துதான். மிதியிலிருந்து காலை எடுத்தாலோ பிரேக்கை மிதித்தாலோ காரின் பாரம் முன்னுக்குச் சாய்கிறது. பின்சில்லில் பாரம் குறைகிறது, பிடியும் குறைகிறது. எனக்கு முன்னுக்கு இருந்தது வின்ரர் ரயர், அது வீதியை நன்றாகப் பிடித்தது. பின்னுக்கு இருந்தது குளிரில் இறுகிப்போன ஓல் சீசன் ரயர், அது விட்டுவிட்டது. முன்பக்கம் நிற்க, பின்பக்கம் ஓட, கார் பம்பரம் மாதிரிச் சுற்றத்தானே செய்யும்?

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. நாலும் மோசமான ரயராக இருந்திருந்தால், வாசலிலிருந்து கார் எடுக்கும்போதே சில்லு சறுக்கும். "இண்டைக்கு வீதி சரியில்லை" என்று தெரிந்து மெல்லப் போயிருப்பேன். முன்னுக்கு மட்டும் நல்ல ரயர் போட்டால் கார் சுகமாகப் புறப்படும், சொன்ன பக்கம் திரும்பும். எல்லாம் சரி என்ற நம்பிக்கையைத் தரும். முதல் வளைவு வரைக்கும்தான் அந்த நம்பிக்கை. அரைகுறைப் பாதுகாப்பு எங்களை ஏமாற்றும். ஒன்றுமே இல்லாதிருந்தால் பயமாவது இருந்திருக்கும்.

கனடாவின் போக்குவரத்து அமைச்சும் இதைத்தான் சொல்லுகிறது: வின்ரர் ரயர் போட்டால் நாலுக்கும் போடுங்கள், கலந்து போட்டால் காரின் நிதானம் கெடும். இது இரகசியம் இல்லை. கடிதம் வாசித்த பிள்ளைகள் நாங்கள், இதையும் வாசித்திருக்கலாம்.

இனி, நான் இதைச் சொல்லும்போது எனக்குக் கிடைக்கிற பதில்களுக்கு வருவோம்.

"ரொறன்ரோவில் எத்தனை நாளைக்குத்தான் ஸ்னோ? வீதியெல்லாம் உடனே வழிச்சுப்போடுவாங்கள்." வின்ரர் ரயர் பனிக்கு மட்டும் என்று நினைப்பதால் வருகிற பேச்சு இது. விஷயம் குளிர். ஏறக்குறைய 7 பாகைக்குக் கீழே போனால் மற்ற ரயர்களின் ரப்பர் இறுகத் தொடங்கும். இறுகின ரப்பர் காய்ந்த வீதியிலும் முன்போலப் பிடிக்காது. வின்ரர் ரயரின் ரப்பர் கலவை வேறு, குளிரிலும் மெத்தென்று இருக்கும். ரொறன்ரோவில் 7 பாகைக்குக் கீழே எத்தனை மாதம் என்று உங்கள் ஜக்கெற்றைக் கேளுங்கள்.

"சட்டத்திலை இல்லையே." ஒன்ராறியோவில் இல்லைதான். பக்கத்து கியூபெக்கில் இருக்கிறது. 2008 இலிருந்து அங்கே குளிர்காலத்தில் வின்ரர் ரயர் கட்டாயம், இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. ஒட்டாவாவிலிருந்து பாலத்தைக் கடந்து கட்டினோவுக்குப் போனால் சட்டம் மாறும். பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பனிதான்.

"எங்கடை கார் நாலு சில்லும் இழுக்கிற கார்." நல்லது. புறப்படும்போது உதவும். நிற்பாட்டும்போது? பிரேக் எல்லாக் காரிலும் நாலு சில்லுக்கும்தான். புதுக் கார்களில் சறுக்கலைத் தடுக்கிற மின்னணு ஏற்பாடு இருக்கிறது, உண்மை. அதுவும் சில்லைப் பிரேக் பிடித்துத்தான் வேலை செய்கிறது. அந்தப் பிடியை வீதிக்குக் கொடுப்பது ரயர். ரயரில் இல்லாத பிடியை எந்தக் கணினியும் உண்டாக்காது.

"நாலுக்கும் காசு ஆர் குடுக்கிறது?" இதுதான் நேர்மையான கேள்வி. இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லவேண்டும். எங்கள் அப்பா அம்மாமார் காசைக் கசக்கிப் பிழிந்துதான் எங்களை வளர்த்தார்கள். இரவு வேலைக்குப் போய், காலையில் எங்களைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு நித்திரை கொண்டவர்கள். அந்தச் சிக்கனத்தைக் கேலி செய்கிற எழுத்து இது இல்லை. ஆனால் கணக்கை முழுதாகப் போடுவோம். வின்ரர் ரயர் ஓடுகிற ஐந்து மாதமும் மற்ற ரயர் ஓய்வெடுக்கிறது, தேயவில்லை. எட்டு ரயர் வாங்கினாலும் அந்த எட்டும் இரட்டிப்புக் காலம் போகும். உண்மையான மேலதிகச் செலவு இரும்பு ரிம் நாலும், வருடத்துக்கு இரண்டுதரம் மாற்றுகிற கூலியும்தான். ஒன்ராறியோவில் 2016 இலிருந்து வின்ரர் ரயர் போட்டால் காப்புறுதி நிறுவனங்கள் கழிவு கொடுக்கவேண்டும். உங்கள் வீட்டில் அந்தக் கழிவைக் கேட்டு வாங்கினீர்களா? தொலைபேசி எடுக்கவேண்டியது நீங்கள்தான், தெரியும்தானே.

எங்கள் வீட்டுக் கணக்கு இது: இரண்டு ரயரில் 300 டொலர் மிச்சம் பிடித்தோம். காப்புறுதியில் நாங்கள் முதலில் கட்டவேண்டிய 1,000 டொலர் போனது. அப்பா இரண்டு கிழமை வேலைக்குப் போகவில்லை. தம்பி ஆறு கிழமை ஒரு கையோடு இருந்தான்.

சரி, கோபம் காணும். என்ன வாசிக்கவேண்டும், என்ன பார்க்கவேண்டும் என்று சொல்லுகிறேன். ஒன்றுக்கும் மெக்கானிக் படிப்பு தேவையில்லை.

முதலில் ரயரின் வயது. ரயரின் பக்கத்தில் டி.ஓ.டி. என்று தொடங்குகிற ஒரு நீளமான வரி இருக்கும். அதன் கடைசியில் நாலு இலக்கம். முதல் இரண்டும் கிழமை, அடுத்த இரண்டும் ஆண்டு. ஒரு பக்கத்தில் அந்த இலக்கம் முழுதாக இல்லாவிட்டால் மற்றப் பக்கத்தில் இருக்கும். விபத்துக்குப் பிறகு கார் இழுத்துக்கொண்டுபோய் விட்ட இடத்தில் நான் குனிந்து பார்த்தேன். எங்கள் பின் ரயரில் 2311 என்று இருந்தது. 2011 ஆம் ஆண்டு, 23 ஆம் கிழமை. அந்த ரயர் செய்தபோது எனக்கு எட்டு வயது. பூ தேயாமல் இருந்தாலும் 10 வருடத்துக்கு மேல் வேண்டாம் என்று பல ரயர் நிறுவனங்களே சொல்லுகின்றன. "இன்னும் ரெண்டு வருசம் ஓடும்" என்று சொன்னவர் அந்த நாலு இலக்கத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அடுத்தது, படம். மூன்று முகடு உள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். அந்தப் படம் இருந்தால் பனியில் சோதித்துத் தேறிய ரயர். எம் பிளஸ் எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் நம்பவேண்டாம். அது பூவின் வடிவத்தைப் பற்றியது, சோதனையைப் பற்றியது இல்லை. எங்கள் பின் ரயரில் இருந்தது எழுத்து மட்டும்தான்.

மூன்றாவது, பூ எவ்வளவு மிச்சம். ஒரு ரூனிக் காசை எடுத்துப் பூவின் பள்ளத்துக்குள் நட்டுப் பாருங்கள். வெளியே உள்ள வெள்ளி வளையம் முழுதும் மறைந்தால் ரயர் ஏறக்குறைய அரைவாசி இருக்கிறது. வளையத்தில் உள்ள எழுத்து மட்டும் மறைந்தால் அந்த ரயர் முடிந்தது. ஒன்ராறியோச் சட்டம் 1.5 மில்லிமீற்றர் வரை விடும். ஆனால் 4 மில்லிமீற்றர் அளவுக்குத் தேய்ந்துவிட்டால் பனி வீதியில் ஓடவேண்டாம் என்கிறது போக்குவரத்து அமைச்சு. சட்டம் விடுகிறது என்பதற்காகப் பனியும் விடாது.

நான்காவது, காற்று. எவ்வளவு அடிக்கவேண்டும் என்பது சாரதிக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். ரயரின் பக்கத்தில் எழுதியிருக்கிற எண்ணை அடிக்காதீர்கள், அது அந்த ரயர் தாங்குகிற உச்ச அளவு. வெப்பம் ஐந்தாறு பாகை குறைந்தால் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. குறையும். கராஜுக்குள் 20 பாகையில் 33 அடித்துவிட்டு, மறை 15 இல் வெளியே வந்தால் 27 தான் இருக்கும். "லைற் பத்தினால் பாப்பம்" என்று இருக்கவேண்டாம். பல கார்களில் கால்வாசிக் காற்று போன பிறகுதான் அந்த லைற் பத்தும். மாதம் ஒருதரம், கார் ஓடாமல் குளிர்ந்து நிற்கும்போது பாருங்கள். காற்று அளக்கிற கருவி ஒரு கோப்பிச் செலவைவிடக் கொஞ்சம் கூட.

கடைசியாக, பூட்டுவது. நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, நட்சத்திரம் கீறுவது போல இறுக்கவேண்டும். காற்றில் ஓடுகிற துப்பாக்கியால் அடித்துவிட்டு அனுப்புகிறவர்களிடம் "ரோர்க் ரெஞ்சாலை ஒருக்காப் பாருங்கோ அண்ணா" என்று சொல்லுங்கள். கூட இறுக்கினாலும் பிழை, குறைய இறுக்கினாலும் பிழை. சரியான அளவு காரின் கைநூலில் இருக்கிறது. பிறகு ஒரு 100 கிலோமீற்றருக்குள் திரும்ப ஒருதரம் இறுக்கிப் பார்க்கவேண்டும், புதிதாகப் பூட்டின நட்டு இளகக்கூடும். இது விளையாட்டில்லை. பாரவண்டிகளிலிருந்து சில்லு கழன்று பறந்து ஆட்கள் செத்த பிறகுதான் ஒன்ராறியோ 1997 இல் சட்டம் போட்டு, அப்படிக் கழன்றால் 50,000 டொலர் வரை தண்டம் என்று வைத்தது. ரயரில் அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கிச் சுழல்கிற மாதிரிப் பூட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கோடையிலோ மழைக்காலத்திலோ காசில்லாமல் இரண்டு ரயர் மட்டும்தான் மாற்ற முடிகிறது என்றால், ஒரே வகை ரயர் வாங்கி, புதிதைப் பின்னுக்குப் போடுங்கள். முன்னுக்கு இல்லை, பின்னுக்கு. முன்பக்கம் சறுக்கினால் கார் நேரே போகும், பிரேக் பிடித்து வேகத்தைக் குறைக்கலாம். பின்பக்கம் சறுக்கினால் என்ன நடக்கும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

பாவித்த ரயர் எல்லாம் கூடாது என்று சொல்லமாட்டேன். நானே பிறகு பாவித்த ரயர் வாங்கினேன். நாலும் ஒரே வகை, நாலிலும் மலைப் படம், இலக்கம் வாசித்து, காசு நட்டுப் பார்த்து வாங்கினேன். விற்றவருக்கு எரிச்சல். "பிள்ளை, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோவன்" என்றார். "அப்பா காருக்குள்ளைதான் இருக்கிறார் அங்கிள், நான்தான் வாசிக்கிறது" என்றேன்.

பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. "குளிருது, உள்ளுக்கை இருங்கோ" என்பது அன்பாகத்தான் வரும். வெளியே நில்லுங்கள். ஓட்டப்போவது நீங்கள்.

எல்லாம் முடிந்து ஒருநாள் அப்பா கேட்டார்: "அதிலையே எழுதிக் கிடந்ததோ பிள்ளை?" ஓம் என்றேன். அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை வேலையால் வந்தவர், கூட வேலை செய்கிற ஒருவரின் பின் ரயரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார். "இது எத்தினையாம் ஆண்டு எண்டு பார்."

இந்தச் சனிக்கிழமை ஒரு ரூனியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கீழே இறங்குங்கள். உங்கள் கார், பிறகு அப்பாவின் கார், பிறகு அம்மாவை வேலைக்கு ஏற்றிப்போகிற அன்ரியின் கார். நாலு ரயரிலும் குனிந்து வாசியுங்கள். எத்தனையோ கடிதம் வாசித்த நீங்கள், இது நாலு இலக்கம்தான்.